கிலுங்கிய துவக்குப் பெட்டி

அத்தியாயம் 5

வெஸ்பாவிலிருந்து இறங்கியவை ஸ்ரான்லியின் கால்கள்தான். தான் இறங்கவேயில்லை என்று அவன் பிறகு சத்தியம் பண்ணினான்.

லிபெர்த்தா வீதியில், ஒரு நீதிபதி வீட்டு வாசலில், மணல் மூடைகளுக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். மாபியாவின் குண்டுகள் வெடித்த அந்தக் கோடைக்குப் பிறகு பலெர்மோவில் சிப்பாய் நிற்காத தெருமுனை குறைவு. ஊர்ச்சனம் அவர்களை மின்கம்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போகப் பழகிவிட்டது. ஸ்ரான்லியோ இயந்திரத்தை நிறுத்தினான். இறங்கினான். சட்டைப்பையிலிருந்த பெர்மெஸோவை, அதுதான் இந்த நாட்டில் தங்குவதற்குக் கொடுத்த பத்திரத்தை, எடுத்துப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டான். தலையைக் குனிந்து வெஸ்பாவை உருட்டத் தொடங்கினான். பின்சீற்றில் இருந்த அவன் மனைவி அகஸ்ரீனா இறங்க நேரமில்லாமல், திருநாளுக்கு எழுந்தருளும் சுரூபம்போல நிமிர்ந்து உட்கார்ந்தபடியே சிப்பாய்களைக் கடந்து போனாள். பெற்றோல் முடிந்துவிட்டதா என்று ஒரு சிப்பாய் சிரித்துக்கொண்டே கேட்டான். மற்றவன் சிலுவை அடையாளம் போட்டான்.

மூலை திரும்பியதும் அவள் இறங்கினாள்.

“ஏன் இறங்கினனீங்கள்?”

“தெரியேல்லை. கால் தானா இறங்கிச்சு.”

“அவங்கள் மறிச்சவங்களோ?”

“இல்லையப்பா. மன்னாரிலை ஆமிக்காரனைக் கண்டா இறங்கிச் சைக்கிளை உருட்டிப் பழகின கால். சம்பளம் மட்டும்தான் இத்தாலியிலை வாங்குது, புத்தி இன்னும் அங்கைதான்.”

அகஸ்ரீனாவின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு.

“அப்ப றஞ்சித்துக்கும் கை தானாத்தான் திறந்திருக்கு” என்றாள்.

ஞாயிறு நடந்தது இதுதான். இந்த லிபெர்த்தாவில் வீட்டுவேலை செய்யும் றஞ்சித், முதலாளியின் பியற் காரை எடுத்துக்கொண்டு பகேரியாவிலுள்ள அவர்களின் பழைய வில்லாவுக்குச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனான். வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. காரின் டிக்கிக்குள் ஒரு வேட்டைத் துப்பாக்கி இருந்தது. துணியில் சுற்றியிருந்தது. சுடுவதற்குத் தயாராகத் தோட்டாவும் ஏற்றியிருந்தது. றஞ்சித்தை அங்கேயே கைது செய்தார்கள். துப்பாக்கி தன் அலுமாரியிலிருந்து திருட்டுப் போனது என்று முதலாளி வாக்குமூலம் கொடுத்தார். நாளைக் காலை றஞ்சித்தை நீதிபதிமுன் நிறுத்துவார்கள். குற்றம் ஒட்டிக்கொண்டால் சிறை, அதற்குப் பின் பெர்மெஸோ ரத்து, அதற்கும் பின் கொழும்புக்கு விமானம். வருகிற சனிக்கிழமை பங்குக் கோவிலில் அவனுக்கும் அகஸ்ரீனாவின் தங்கை அமலினிக்கும் கலியாணம். கூறைச் சேலைக்குப் பூ வைத்துத் தைத்தாகிவிட்டது.

அகஸ்ரீனா ஒரு சட்டத்தரணி அம்மாவின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பதோடு நிற்காமல் மற்றவர்கள் விட்டுவைத்த கேள்விகளையும் கேட்டுவிடுவது அவளுடைய வழக்கம். அதனால் பலெர்மோத் தமிழர் மத்தியில் காணாமற் போன சங்கிலி முதல் காணாமற் போன மாப்பிள்ளை வரை எல்லாம் அவளிடம்தான் வந்தன. ஸ்ரான்லி பல்லரோ சந்தையில் மீன் விற்பவன். மத்தியானத்தோடு கடை முடியும். அதன்பிறகு அவன் அவளுடைய சாரதி, காவலன், குறுக்கே பேசுபவன். மூன்றாவது உத்தியோகத்தை அவன் கேட்காமலே எடுத்துக்கொண்டவன்.

“சிப்பாயள் என்ன எழுதினவங்கள் தெரியுமோ? ‘நாங்கள் கேட்கும் முன்பே சாரதி தானாக இறங்கி டிக்கியைத் திறந்தார், மிகவும் பதற்றமாக இருந்தார்.’ அதைக் குற்றத்துக்குச் சாட்சியாம் எண்டு வைச்சிருக்கினம்” என்றாள் அகஸ்ரீனா.

“உள்ளை துவக்கு இருக்கெண்டு தெரிஞ்சவன் ஆராவது கேக்காமலே திறந்து காட்டுவானோ?”

“அதுதான்.”

“என்ர சகலன் அப்பிடிச் செய்யக்கூடிய ஆள்தான். ஆனா தெரிஞ்சு செய்யமாட்டான். நீதிபதிக்கு இதைச் சொல்லுவம்.”

“நம்பமாட்டார். அவர் ஒருநாளும் சைக்கிள் உருட்டினவரில்லை. ஆர் வைச்சதெண்டு கண்டுபிடிச்சாத்தான் அவன் வெளியிலை வருவான்.” அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். “இன்னொண்டு கேக்கிறன், சொல்லுங்கோ. ஒரு சாரத்துக்கு எத்தினை விளிம்பு?”

ஸ்ரான்லி யோசித்தான். இடுப்பில் கட்டும் சாரம் என்பது இரண்டு தலைப்பையும் சேர்த்துத் தைத்த வளையம். மேலே ஒரு விளிம்பு, கீழே ஒரு விளிம்பு, பக்கத்தில் விளிம்பே கிடையாது. அதைச் சொன்னான்.

“துவக்கைச் சுத்தியிருந்த துணியைப் பொலிஸ் மரெஷால்லோ மேசையிலை விரிச்சுக் காட்டினவர். நீலக் கட்டம். ‘உன்னுடையதா?’ எண்டு கேட்டார். இந்த மடையன், ‘ஓம், என்ர சாரம், மாசி மாசம் கொடியிலை காயப் போட்டது, காத்து அடிச்சுக்கொண்டு போட்டுது’ எண்டான். நான் அதை அப்பிடியே மொழிபெயர்த்தன். அவர் ‘உன்னுடையது’ எண்டதை மட்டும் கேட்டார்.”

“மாதாவே. அது நான் நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிக் குடுத்த சாரம்.”

“அந்தச் சாரத்துக்கு இப்ப நாலு விளிம்பு. தையலைப் பிரிச்சு, நாலு பக்கமும் பொடி ஊசியாலை மடிச்சுத் தைச்சிருக்கு. நடுவிலை தக்காளிச் சாறு பட்ட கறை.”

“தக்காளியோ? அவன் சாரத்தோடை சமைக்கிறவன்தான், ஆனா சாரத்துக்கு மேலை சமைக்கமாட்டான்.”

“வாங்கோ” என்றாள் அகஸ்ரீனா. “பசிக்கிற மாதிரி முகத்தை வைச்சுக்கொள்ளுங்கோ.”

அதற்கு அவனுக்கு நடிப்புத் தேவைப்படவில்லை.

* * *

றஞ்சித்தின் முதலாளிக்கு ஸ்பத்தாரோ என்று பெயர். எப்போதோ அரசாங்கம் கொடுத்த பட்டத்தால் தெருவே அவரைக் கவலியேரெ என்றுதான் அழைத்தது. எண்பதை நெருங்கிய மனிதர். மீசை கம்பீரமாக இருந்தது. கண்ணாடி, போத்தலின் அடித்தட்டைப்போலத் தடித்திருந்தது. வரவேற்பறைக்கு வந்தவர் “மகிழ்ச்சி” என்று சொல்லி, ஸ்ரான்லியின் கையென்று நினைத்துப் பக்கத்திலிருந்த குடைத்தாங்கியின் கைபிடியைக் குலுக்கினார். ஸ்ரான்லி குடைத்தாங்கியின் சார்பில் தலையைக் குனிந்து வணங்கினான்.

அவர் மனைவி சீஞோரா மெலிந்த சிறிய உருவம். கண்மடல்கள் வீங்கியிருந்தன. றஞ்சித் சாப்பிடுகிறானா என்றுதான் முதலில் கேட்டாள். அவன் பாண் மட்டும் சாப்பிடுகிறான் என்று அகஸ்ரீனா சொன்னதும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். வீட்டுப் பூனை ஸ்ரான்லியின் காலணியை மோந்து பார்த்து, இது தன் வாழ்நாளில் சந்தித்த மிக நல்ல மனிதர் என்று முடிவெடுத்து, மடியில் ஏறிப் படுத்தது.

கவலியேரெ கதை சொன்னார். துப்பாக்கி இல்லாமல் பகேரியா வீதியில் போகும் ஆண்பிள்ளையை அவர் பாட்டன் ஆண்பிள்ளையென்றே எண்ணவில்லையாம். பாட்டன் கோவேறு கழுதையின் சேணத்தில் கட்டிக்கொண்டு போனாராம். அப்பா குதிரைவண்டியின் ஆசனத்தடியில் வைத்திருந்தாராம். இப்போது அதே துப்பாக்கி தன் வாசிப்பறை அலுமாரியில், தோற்பெட்டிக்குள், பூட்டிய பூட்டோடு இருந்ததாம். சனி இரவு எண்ணெய் போட்டுத் துடைத்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாராம். ஞாயிறு பார்த்தால் காணோமாம். நல்ல பையன்தான், என்ன செய்வது, வறுமை யாரை விட்டது என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு ஸ்ரான்லிக்குப் பிடிக்கவில்லை. சந்தையில் நேற்றைய மீனை இன்றைய மீன் என்று சொல்லி விற்பவனும் இப்படித்தான் மூச்சு விடுவான்.

சீஞோரா வாதுமை பிஸ்கோத்தும் குளிர்ந்த எலுமிச்சம் பானமும் கொண்டுவந்தாள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சிறிய துணியைப் போட்டாள். ஸ்ரான்லி மூன்று பிஸ்கோத்தை முடித்து, வாயைத் துடைத்து, துணியை மடித்துப் பிளேற்றுக்குப் பக்கத்தில் வைக்கப் போனான். கை பாதியில் நின்றுவிட்டது.

நீலக் கட்டம்.

அவன் மெதுவாக மனைவி பக்கம் சாய்ந்தான். “அகஸ்ரீனா, என்ர சகலன்ர சாரத்திலை நான் வாய் துடைச்சிட்டன்.”

“பேசாமல் இருங்கோ” என்று தமிழில் சொல்லிவிட்டு, அகஸ்ரீனா சீஞோராவைப் பார்த்து இத்தாலிய மொழியில் துணியைப் புகழ்ந்தாள். என்ன நேர்த்தியான தையல், எங்கே வாங்கினீர்கள் என்றாள்.

சீஞோராவின் முகம் மலர்ந்தது. வாங்கவில்லையாம். மாசி மாதக் காற்றில் மேல்தளத்திலிருந்து பறந்து வந்து அவள் பல்கனியில் விழுந்ததாம். யாருடைய மேசைவிரிப்போ, நல்ல பருத்தி. ஆனால் எந்த முட்டாளோ அதன் இரண்டு தலைப்பையும் சேர்த்துச் சாக்குப்போலத் தைத்து வைத்திருந்தானாம். அவள் பொறுமையாகத் தையலைப் பிரித்து ஒரு மேசைவிரிப்பும், மிச்சத்தில் இந்தக் கைத்துணிகளும் தைத்தாளாம். றஞ்சித்துக்கு விடுமுறை கொடுத்த பாஸ்குத் திருநாளன்று பங்குத்தந்தை அதன்மேல்தான் விருந்து சாப்பிட்டாராம்.

ஸ்ரான்லி இருமினான். பூனை மடியிலிருந்து குதித்தது.

“அந்த மேசைவிரிப்பு இப்போது எங்கே, சீஞோரா?” என்று அகஸ்ரீனா கேட்டாள்.

மலர்ந்த முகம் மூடிக்கொண்டது. துவைக்கப் போட்டிருக்கிறேன் என்று சொல்லிக் கோப்பைகளைச் சேர்க்கத் தொடங்கினாள்.

இனி அவளைப் பிடித்து உலுக்குவதுதான் மிச்சம் என்று ஸ்ரான்லி நினைத்தான். ஆனால் அகஸ்ரீனா அவளை விட்டுவிட்டுக் கவலியேரெயின் பக்கம் திரும்பினாள். துப்பாக்கி அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது என்பதற்குப் பெட்டியே சாட்சி, அதை இன்று மரெஷால்லோவிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டால் தங்கள் வாக்குமூலம் மலைபோல நிற்கும் என்று பணிவாகச் சொன்னாள்.

கவலியேரெயின் மீசை ஆடியது. பெட்டி பழையதாம். தோல் உரிந்துவிடுமாம். மேலும் கள்ளனின் கைரேகை அதில் இருக்கும், யாரும் தொடக்கூடாதாம்.

“அதுக்கென்ன” என்று ஸ்ரான்லி எழுந்தான். நீலக் கட்டத் துணியை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டான். “ரேகை படாமல் இதாலை பிடிக்கிறன். இந்தத் துணிக்கு ஏற்கெனவே எல்லாப் பழக்கமும் இருக்கு.”

அகஸ்ரீனா அதில் முதற்பாதியை மட்டும் மொழிபெயர்த்தாள்.

வாசிப்பறை அலுமாரிக்குச் சாவி தன்னிடம் இல்லை என்றார் கவலியேரெ. உங்கள் கடிகாரச் சங்கிலியில் தொங்குகிறதே என்றாள் சீஞோரா. அவள் அதை உதவியாகத்தான் சொன்னாள்.

அலுமாரி திறந்தது. நீண்ட மண்ணிறத் தோற்பெட்டி அடித்தட்டில் கிடந்தது. ஸ்ரான்லி குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, தூக்கினான்.

பெட்டி கிலுங்கியது.

கண்ணாடியும் கண்ணாடியும் கன்னத்தோடு கன்னம் உரசும் சத்தம். ஸ்ரான்லி பெட்டியை மெல்ல மற்றப் பக்கம் சரித்தான். அது திரும்பவும் கிலுங்கியது.

“துவக்குப் போன பிறகு பெட்டி அழுகுது போலை” என்றான்.

“திறவுங்கோ.”

உள்ளே, துப்பாக்கியின் வடிவத்துக்குக் குழித்த சிவப்பு வெல்வெற்றில், மர்சாலா மதுப் போத்தல்கள் வரிசையாகப் படுத்திருந்தன. குழல் படுக்கவேண்டிய நீண்ட பள்ளம் முழுவதும், வாதுமை மாவில் செய்து சாயம் பூசிய இனிப்புப் பழங்கள்: குட்டித் தோடை, குட்டி அத்தி, குட்டிப் பேரிக்காய். அவற்றின்மேல் சீனி கசிந்து, வெல்வெற்றோடு ஒட்டிக் காய்ந்து, தூசியும் படிந்திருந்தது. சனி இரவு அதற்குள் துப்பாக்கி போய்ப் படுப்பதென்றால் முதலில் அந்தப் பழங்களைச் சுரண்டித்தான் எடுத்திருக்கவேண்டும்.

சீஞோரா கிட்டே வந்து ஒரு குட்டிப் பேரிக்காயைத் தூக்கினாள். வெல்வெற்றும் கூடவே வந்தது.

“சீனி வியாதி” என்றாள், யாருக்கென்றில்லாமல். “காப்பிக்குச் சீனி போடாமல் இவருக்காக நானும் கசப்பாகக் குடிக்கிறேன். எப்போதிலிருந்து, கவலியேரெ?”

கணவனைப் பட்டம் சொல்லி அழைக்கும் மனைவி என்ன மனநிலையில் இருக்கிறாள் என்பதை விளங்கிக்கொள்ள இத்தாலிய மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை. ஸ்ரான்லி ஒரு அடி பின்னால் வைத்தான்.

“நத்தாரிலிருந்து” என்றார் கிழவர், மிகச் சின்னக் குரலில்.

“அப்படியென்றால் நத்தாரிலிருந்து இந்தப் பெட்டியில் துப்பாக்கி இல்லை” என்றாள் அகஸ்ரீனா. “இல்லாத இடத்திலிருந்து றஞ்சித் எப்படித் திருடினான்?”

கவலியேரெ நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். உண்மை, போத்தல் திறந்த மாதிரி வந்தது. துப்பாக்கி காரில்தான் இருந்ததாம். சாரதி ஆசனத்தடியில், கை எட்டும் இடத்தில், தோட்டா ஏற்றியபடி. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் கைத்தடிதானே என்றார். தோட்டா ஏற்றிய துப்பாக்கியைக் காரில் வைப்பது சட்டப்படி குற்றம் என்று தெரியுமா என்று அகஸ்ரீனா கேட்டாள். தெரியுமாம். அதனால்தான் ஞாயிறு மரெஷால்லோ தொலைபேசியில் கேட்டபோது, அலுமாரி என்ற சொல் தானாக வாயில் வந்துவிட்டதாம். பையனை இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாராம்.

“அப்ப சோதனைக்குப் பயந்து இவரே டிக்கிக்குள்ளை ஒளிச்சிட்டார்” என்றான் ஸ்ரான்லி. “கதை முடிஞ்சுது. வாரும், போவம்.”

அகஸ்ரீனா அதை மொழிபெயர்த்தாள். கிழவர் துள்ளி எழுந்தார். பொய் பிடிபட்டபோது வராத கோபம் இப்போது வந்தது.

“டிக்கியிலா? நானா? கொள்ளைக்காரன் வந்தால், ‘ஐயா, கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய், பொட்டலம் அவிழ்த்து எடுக்கவா? நான் கண் தெரியாதவன், பெண்ணே, முட்டாள் அல்ல.”

ஸ்ரான்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து கவலியேரெயின் வாயில் வந்த முதல் சுத்தமான உண்மை இதுவாகத்தான் இருக்கும் என்று பட்டது.

“நான்தான் சுற்றினேன்.”

சீஞோரா பேரிக்காயை இன்னும் கையில் வைத்திருந்தாள். ஞாயிறு காலை, இவர் எழும்பும் முன்பே கீழே போனாளாம். அந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் தோட்டா ஏற்றிய துப்பாக்கிக்கு மேல், அது இருப்பதே தெரியாமல், உட்கார்ந்து கார் ஓட்டுகிறானே என்று அவளுக்கு நித்திரையில்லையாம். மேலே கொண்டுவந்தால் இவர் திரும்பவும் கொண்டுபோய் வைத்துவிடுவார். மருந்துக்கடையில் விசாரித்தாளாம். காரில் துப்பாக்கி என்றால் நன்றாகச் சுற்றி, டிக்கியில் வைக்கவேண்டும், கை எட்டக்கூடாது, அதுதான் சட்டம் என்று அங்கே சொன்னார்களாம்.

“வீட்டில் இருந்ததிலேயே நல்ல துணியால் சுற்றினேன்” என்றாள். “சட்டப்படி இருந்தால் அவனுக்கு ஒன்றும் வராது என்று நினைத்தேன்.”

அகஸ்ரீனாவின் குரல் இளகிவிட்டது. மருந்துக்கடையில் பாதிச் சட்டத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். தோட்டாவைக் கழற்றியிருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஆள்தான் அதைக் கொண்டுபோகலாம். பத்திரம் இல்லாத ஒருவன் ஓட்டும் வண்டியில், பட்டுத்துணியால் சுற்றியிருந்தாலும் அது குற்றம்தான். பிறகு, நாளைக் காலை என்ன நடக்கும் என்பதையும், சனிக்கிழமை என்ன நடக்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். அமலினி இரண்டு நாளாக ஒரு வாய் சோறு தின்னவில்லை என்பதையும் சொன்னாள். அந்த இடத்தில் மட்டும் அவள் கைப்பைக்குள் கைக்குட்டையைத் தேடத் தொடங்கினாள். ஸ்ரான்லி பகிடி ஒன்றும் விடாமல் அவளுடைய கைப்பையை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

சீஞோரா கணவனைப் பார்த்தாள். அவரைச் சிறையில் போடுவார்களா என்று கேட்டாள்.

வயதும், நீதிபதி கேட்கும் முன்பே தானாக வந்து திருத்தியதும் கணக்கில் வரும் என்றாள் அகஸ்ரீனா. சட்டத்தரணி அம்மா கூடவே இருப்பார். தண்டம் வரலாம். “ஆனால் ஒன்று, சீஞோரா. துப்பாக்கி அனுமதிப்பத்திரத்தைப் பறித்துவிடுவார்கள். இனித் தரமாட்டார்கள்.”

“இந்தத் துப்பாக்கிக்கா?”

“வீட்டிலுள்ள எல்லாத் துப்பாக்கிக்கும்.”

“எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுவார்களா?”

“கொண்டுபோய்விடுவார்கள்.”

“திருப்பித் தரவே மாட்டார்களா?”

“மாட்டார்கள், சீஞோரா. என்னை மன்னியுங்கள்.”

சீஞோரா பேரிக்காயைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள். ஏப்ரனை அவிழ்த்தாள். நிலைக்கண்ணாடி முன் போய்ப் பூசைக்குப் போகும் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து ஊசி குத்தினாள். வந்தபோது வீங்கியிருந்த அந்தக் கண்களில் கலியாணவீட்டுக்குப் புறப்படும் வெளிச்சம் இருந்தது.

“பகேரியாவில் இன்னொன்று இருக்கிறது, மாவுப் பீப்பாவுக்குள்” என்றாள். “கட்டிலுக்கடியில் ஒன்று. அதையும் சொல்லவேண்டும். எழும்புங்கள், கவலியேரெ. உங்கள் மேலங்கி எங்கே? தம்பி, நீங்கள் அந்தப் பெட்டியைத் தூக்குங்கள். போத்தல்களோடுதான். மரெஷால்லோ கேட்டுத் திருப்தி அடையட்டும்.”

படியிறங்கும்போது பெட்டி படிக்குப் படி கிலுங்கியது. வாயிற்காவலர் எட்டிப் பார்த்தார். கவலியேரெ அவருக்கு மரியாதையாகத் தொப்பியைத் தூக்கினார், ஆனால் தூணுக்கு.

“அந்தச் சாக்குத் தையல் விசயம்” என்று தெருவில் வைத்து ஸ்ரான்லி மனைவியின் காதில் கேட்டான். “அது மேசைவிரிப்பு இல்லையெண்டு சீஞோராவுக்கு எப்ப சொல்லப் போறீர்?”

“நான் சொல்லமாட்டன்.”

“பங்குத்தந்தைக்கு?”

“அவர்தான் சனிக்கிழமை தாலி எடுத்துக் குடுக்கவேணும். வாயை மூடிக்கொண்டு நடவுங்கோ.”

* * *

அடுத்த நாள் மத்தியானம் றஞ்சித்தைக் கையில் ஒரு பொலித்தீன் பையோடு வெளியே விட்டார்கள். கன்னம் ஒட்டி, தாடி முளைத்திருந்தது. வாசலில் அமலினி நின்றாள். இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தொடவில்லை. அக்காவும் அத்தானும் நிற்கிறார்களே. அத்தான் உடனே மறுபக்கம் திரும்பி, சிறைமதிலில் ஏதோ சிற்பவேலை இருப்பதுபோல ஆராயத் தொடங்கினான். அக்கா அவனைவிடக் கவனமாக ஆராய்ந்தாள்.

கோவில் வான் வண்டி இரவலாகக் கிடைத்திருந்தது. நான் ஓட்டுகிறேன், கை மரத்துப் போயிருக்கிறது என்று றஞ்சித் கேட்டு வாங்கினான். அமலினி பக்கத்தில் ஏறினாள். அவள் மடியில் சீஞோரா கொடுத்தனுப்பிய பொட்டலம்: நன்றாகத் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் அடுக்கிய நீலக் கட்டக் கைத்துணிகள். கலியாணப் பரிசு.

“இது என்ர சாரமெல்லே” என்றான் றஞ்சித்.

“உன்ர சாரம் வீட்டிலை இருந்து, விருந்து வைச்சு, கோட்டுக்கும் போயிட்டுது” என்றான் ஸ்ரான்லி பின்னாலிருந்து. “உன்னைவிட அதுக்கு அனுபவம் கூட. இனி நீ கட்டினா அதுக்குத்தான் வெக்கம்.”

பல்லரோவுக்குத் திரும்பும் வளைவில் மணல் மூடைகள் தெரிந்தன. ஒரு சிப்பாய் கையைத் தூக்கினான்.

வான் நின்றது. இயந்திரம் நின்றது. றஞ்சித்தின் முகத்தில் இருந்த சிரிப்பும் நின்றது. அவனுடைய வலக்கை சட்டைப்பைக்குப் போனது, இடக்கை கதவின் பிடிக்குப் போனது. பின்னால் ஸ்ரான்லியின் கால்களும், கேட்காமலே, கதவுப்பக்கம் நகர்ந்தன. நாலுபேருக்கும் அந்தக் கை எங்கே போகிறது, ஏன் போகிறது என்று தெரியும்.

அமலினி கையை நீட்டி, கதவைத் திறக்கப் போன அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கலியாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அக்கா பார்க்கிறாள், எதையும் அவள் யோசிக்கவில்லை.

“இருங்கோ” என்றாள். “அவங்கள் கேக்கட்டும். கேட்டாப் பிறகு திறப்பம்.”

சிப்பாய் யன்னலுக்குக் கிட்ட வந்தான். உள்ளே பார்த்தான். கஞ்சி போட்ட துணி அடுக்கையும், கையோடு கை பிடித்திருந்த இருவரையும் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. போகச் சொல்லிக் கையை ஆட்டினான்.

வான் புறப்பட்ட பிறகும் அவள் மணிக்கட்டை விடவில்லை. றஞ்சித் ஒற்றைக் கையால்தான் வீடுவரை ஓட்டினான். அது சட்டப்படி குற்றமா என்று ஸ்ரான்லி கேட்க வாயெடுத்தான். அகஸ்ரீனா அவன் காலை மிதித்தாள்.